கிரீஸ் கோளாறா, மரைக் கோளாறா? பழைய மேனுவல் லென்ஸைக் கையால் சோதித்துச் சரிசெய்யும் முறை

மேனுவல் லென்ஸ், அதாவது ஃபோகஸைக் கையால் திருப்பும் கேமரா லென்ஸ், வாங்கப் போகிறவர் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் 'நல்ல பில்டு' என்று முடிவு கட்டிவிடுவார். உள்ளே எவ்வளவு கண்ணாடியும் உலோகமும் இருக்கிறது என்பதைத்தான் கனம் சொல்லும். மரை தேய்ந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்பதை அது சொல்லாது. ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் ஏறத்தாழ 230 கிராம். ஒரே மாடலில் பத்து லென்ஸை வரிசையாக வைத்துத் திருப்பினால் ஒன்று வெண்ணெயாகச் சுழலும், ஒன்று அம்மிக்கல்லாக அரைக்கும். எடை மட்டும் பத்திலும் ஒன்றுதான்.

காசைக் கொடுக்குமுன் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. ஃபோகஸ் ரிங்கில் கை உணரும் குறை கிரீஸில் இருக்கிறதா, உலோகத்தில் இருக்கிறதா? கிரீஸில் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. உலோகத்தில் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நஷ்டம்.

வடசென்னையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரை உப்புக்காற்று. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும். உப்பு உலோகத்தை அரிக்கும், சாம்பல் மரையை உரசும். ஊட்டியில் முப்பது வருடம் பெட்டியில் கிடந்த லென்ஸும் எர்ணாவூரில் மூன்று வருடம் அலமாரியில் கிடந்த லென்ஸும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

ரிங்குக்குள் நடப்பது

ஃபோகஸ் ரிங்கைத் திருப்பினால் கண்ணாடித் தொகுதி முன்னும் பின்னும் நகர வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று தூரத்திலிருந்து 45 செ.மீ. வரை கிட்டே வர, கண்ணாடி சுமார் 7 மி.மீ. முன்னே வந்தாகவேண்டும். சாதாரண 1 மி.மீ. மரை என்றால் அதற்கு ஏழு முழுச் சுற்று தேவைப்படும். லென்ஸில் அரைச்சுற்றுக்குக் கொஞ்சம் முன்பின்னாக முடிந்துவிடுகிறது. ஊறுகாய் பாட்டில் மூடி கால் சுற்றில் கழன்றுவிடுவதும் இதே வித்தைதான்: ஒரு மரைக்குப் பதில் பல மரைகள் பக்கம் பக்கமாக ஓடும். லென்ஸில் இதற்கு ஹெலிகாய்டு என்று பெயர்.

சுழலும் ரிங்கின் அசைவை நேரான அசைவாக மாற்ற, பெரும்பாலான லென்ஸ்களில் ஒன்றோ இரண்டோ கீ இருக்கும். காடிக்குள் வழுக்கி ஓடும் சிறு உலோகத் துண்டு அது. அதனால்தான் ரிங் சுழன்றாலும் முன்பக்கப் பெயர்வளையம் சுழலாமல் நேராக வெளியே வருகிறது. சில எளிய லென்ஸ்களில் கீ கிடையாது, முன்பகுதி முழுவதும் சேர்ந்தே சுழலும். அது குறையில்லை, அமைப்பே அப்படி.

மரைக்கும் மரைக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளியைக் கிரீஸ் நிரப்புகிறது. நாம் 'ஸ்மூத்' என்று சிலாகிப்பதில் பெரும்பங்கு இந்த கிரீஸின் பிசுக்குத்தான். இங்கேதான் ஏமாற்றும் நடக்கிறது. தேய்ந்த மரையில் கெட்டியான கிரீஸை அப்பிவிட்டால் ஏசி கடையில் லென்ஸ் அரசனாகத் திரும்பும். மே மாத உச்சிவெயிலில் தெருவுக்குக் கொண்டுவந்தால் கிரீஸ் இளகி, உள்ளே இருந்த ஆட்டம் வெளியே வரும். ஆகவே ஏசிக்குள் மட்டும் சோதிக்காதீர்கள். ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்து, லென்ஸ் சூடேறியதும் மறுபடி திருப்பிப் பாருங்கள்.

உலோக ஜோடியும் முக்கியம். அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று கடிக்கும். பட்டறைக்காரர்கள் 'கடிச்சிடுச்சு' என்று சொல்வது அதைத்தான். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் பித்தளை மரையை அலுமினிய மரைக்குள் ஓடவிடுவார்கள்.

வாங்குமுன் பத்து நிமிடம்

முதலில் திருகுகளைப் பாருங்கள், கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம். கேமராவில் மாட்டும் பின்பகுதியான மவுன்ட்டில் உள்ள திருகுத்தலைகள் சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, சரியான திருப்புளி இல்லாமல் திறந்தவர் உள்ளே மட்டும் பொறுமையாக வேலை பார்த்திருப்பார் என்று நம்ப முடியாது. திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்பு தின்ற அலுமினியம்.

அடுத்து ஃபோகஸ் ரிங். இரண்டு விரலால் மட்டும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் எந்தக் குறையும் தெரியாது. கை உணர்வதை இப்படிப் படிக்கலாம்.

முழுச் சுற்றிலும் ஒரே சீராக இறுகலாக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பழைய சோவியத் லென்ஸ்களில் இது சகஜம், பயப்பட வேண்டாம். முழுச் சுற்றிலும் கரகரவென்று இருந்தால் தூசியோ சாம்பலோ புகுந்திருக்கிறது. கழுவினால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் அதற்குள் எவ்வளவு உரசியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். ஒரே இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் அதே தூரக்குறியில் இறுகினால் கீழே விழுந்து ரிங் கோணியிருக்கிறது, அல்லது மரை கடித்திருக்கிறது. இது உலோகக் கோளாறு. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழுச் சுற்றிலும் கொழகொழவென்று எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் கிரீஸ் ஓடிப்போயிருக்கலாம், மரை தேய்ந்தும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய அடுத்த சோதனை.

இடக்கையால் மவுன்ட்டையும் வலக்கையால் முன் வளையத்தையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள், பிறகு பக்கவாட்டில் அசையுங்கள். 'டிக் டிக்' என்று உலோகம் உலோகத்தில் மோதினால் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கிறது. இந்தச் சோதனையை லென்ஸை முழுவதும் வெளியே நீட்டிய நிலையில் ஒருமுறை, உள்ளே இழுத்த நிலையில் ஒருமுறை செய்ய வேண்டும். நீட்டிய நிலையில் மரை பிடிப்பு குறைவு, எனவே மிகச் சிறிய அசைவு இருந்தால் மன்னிக்கலாம். உள்ளே இழுத்த பிறகும் ஆடினால் மரை தேய்ந்துவிட்டது.

கீ தேய்மானம் வேறு மாதிரி தெரியும். பெயர்வளையத்தில் உள்ள ஓர் எழுத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்டுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்து ஒரு மயிரிழை சுழன்று அப்புறம் நின்றால் காடிக்குள் கீ ஆடுகிறது. கேமராவில் மாட்டி, திரையில் நேரடியாகத் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி இதையே செய்தால் படம் பக்கவாட்டில் குதிக்கும். கீயைத் திருகால் நகர்த்தி இறுக்கும் அமைப்பு இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் அப்படியே வாழவேண்டியதுதான்.

ஓர் எச்சரிக்கை: வேறு மவுன்ட் கேமராவில் லென்ஸை மாட்ட உதவும் இணைப்பு வளையமான அடாப்டரோடு சேர்த்து ஆட்டிவிட்டு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். எம்42 என்ற பழைய திருகு மவுன்ட்டுக்கான மலிவு அடாப்டர்களின் உள்வளையம் மூன்று பொடித் திருகுகளில் நிற்கும். அவை தளர்ந்தாலே லென்ஸ் முழுவதும் ஆடுவதுபோல் இருக்கும்.

ஒளி புகும் துளையைச் சிறிதும் பெரிதுமாக்கும் அபெர்ச்சர் ரிங்கில் ஒவ்வொரு கிளிக்கும் ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். கிளிக் என்பது ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு பொடி எஃகுக் குண்டு, பள்ளம் பள்ளமாக விழும் சத்தம்தான். எல்லாக் கிளிக்கும் மழுங்கியிருந்தால் குண்டோ ஸ்பிரிங்கோ துருப்பிடித்திருக்கிறது; மாற்றலாம். இங்கே தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஹீலியோஸ் 44-2. அது ப்ரீசெட் லென்ஸ்: ஒரு ரிங் கிளிக்கோடு எல்லையைக் குறிக்கும், இன்னொன்று கிளிக்கே இல்லாமல் அந்தத் துளையைச் சுற்றியுள்ள மெல்லிய இதழ்களைத் திறந்து மூடும். 'கிளிக் போய்விட்டது' என்று விலையைக் குறைத்துக் கேட்பவரும் உண்டு, அதை நம்பிக் குறைப்பவரும் உண்டு.

அதேபோல, இதழ் அசையவில்லை என்றால் உடனே 'ஜாம்' என்று சொல்லிவிடாதீர்கள். எம்42 ஆட்டோ லென்ஸ்களில் பின்பக்க ஊசியை அழுத்தினால்தான் இதழ் மூடும், அல்லது ஏ–எம் சுவிட்சை எம்முக்குத் தள்ள வேண்டும். கேனான் எஃப்டி லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிவிட்டு ரிங்கைத் திருப்பினால் இதழ் அசையாது. நிக்கானில் பின்பக்க நெம்புகோலைத் தட்டிவிட்டால் இதழ் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் இதழ்கள் சேருமிடத்தில் ஈரப் பளபளப்புத் தெரியும். மிரர்லெஸ்ஸில் அடாப்டரோடு பயன்படுத்துகிறவர் அபெர்ச்சரை முன்கூட்டியே குறைத்து வைத்துத்தான் எடுப்பார், அவருக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. எண்ணெய் அங்கே எப்படி வந்தது என்பதுதான் கவலை. ஹெலிகாய்டு கிரீஸ் பிரிந்து வழிந்திருக்கிறது. தோரியம் கண்ணாடியால் மஞ்சளேறிய டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸைத் தெளியவைக்கிறேன் என்று மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் வைப்பவர்கள் இந்த எண்ணெயைத் தாங்களே வரவழைக்கிறார்கள். யூவி எல்இடி விளக்கில் வைத்தால் அந்தச் சூடு இல்லை.

திறந்து மறுகிரீஸ் போடுவது

முதல் முயற்சிக்கு விலை குறைந்த, ஏற்கெனவே இறுகிப்போன லென்ஸ் ஒன்றை எடுங்கள். ஜூம் லென்ஸில் கை வைக்காதீர்கள்.

வேண்டியவை: ஜேஐஎஸ் வகைத் திருப்புளி 0, 00 அளவுகளில், வளையம் கழற்றும் லென்ஸ் ஸ்பேனர், கீறல் போட ஊசி, நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் அளவுகோல், நாஃப்தா வகை லைட்டர் திரவம், செல்போன் சர்வீஸ்காரர்கள் பயன்படுத்தும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), பல்துலக்கும் பிரஷ், பல்குச்சி, நூல் உதிராத துணி, டேம்பிங் கிரீஸ். ஜப்பானிய லென்ஸ்களின் கூட்டல்குறித் திருகில், நம்ம ஊரில் 'ஸ்டார்' என்று விற்கும் பிலிப்ஸ் திருப்புளி அடிவரை உட்காராது. வழுக்கி வெளியே ஏறித் தலையைத் தின்றுவிடும். சிதைந்த திருகுத்தலைகளில் பாதி இதனால் வந்தவை.

வண்டிக்குப் போடும் எம்பி3 கிரீஸ், வாஸ்லின், தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். நம் வெயிலில் அவற்றிலிருந்து எண்ணெய் பிரிந்து இதழுக்கு ஓடும், ஆவி கண்ணாடியின் உட்பக்கம் மூட்டமாகப் படியும். டபிள்யூடி-40 இன்னும் மோசம்: இருக்கிற கிரீஸையும் கரைத்து உள்ளே அனுப்பிவிடும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. திரவத்தால் கழுவும் வேலையை ஜன்னல் ஓரத்தில், அடுப்பும் சாமி விளக்கும் எரியாத நேரத்தில் செய்யுங்கள். கிரீஸ் போட்டுச் சேர்க்கும் வேலையை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்தபின் செய்யுங்கள். எண்ணூர் பக்கம் வீடு என்றால் திறந்த ஜன்னலருகே புதுக் கிரீஸ் போடுவது மரைக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

1. லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான குறியில்) நிறுத்தி, மவுன்ட் முகத்திலிருந்து முன்விளிம்பு வரை நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் நம்மைக் காப்பாற்றப்போவது இந்த எண்தான். ஒவ்வொரு படியையும் செல்போனில் படமெடுங்கள்.

2. மவுன்ட் திருகுகளைக் கழற்றுங்கள். வரவில்லை என்றால் முரண்டு பிடிக்காதீர்கள். உப்புக்காற்றில் எஃகுத் திருகு அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத்தலையில் அரை நிமிடம் வைத்தால் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிந்து பிடி தளரும். வார்னிஷ் பூசிய திருகு என்றால் ஒரு துளி அசிட்டோன் போதும், ஆனால் அது பிளாஸ்டிக்கிலும் எண்களின் பெயின்ட்டிலும் படக்கூடாது. அபெர்ச்சர் ரிங்கை எடுக்கும்போது கிளிக் குண்டு தெறிக்கும். ஒரு தெளிவான பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு அந்த ரிங்கைக் கழற்றுவது நல்லது. காந்தத்தட்டை நம்பவேண்டாம்: எஃகுக் குண்டு ஒட்டும், பித்தளைத் திருகு ஒட்டாது.

3. கண்ணாடித் தொகுதியை முழுதாக எடுத்துத் தனியே மூடி வையுங்கள். இதற்கு மேல் அதைத் தொட வேண்டாம்.

4. கீக்களைக் கழற்றுங்கள். இரண்டு இருந்தால் எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் தன் காடிக்கே பழகித் தேய்ந்திருக்கும்.

5. இனி ஹெலிகாய்டைப் பிரிப்பது. வேலையில் பாதிப்பேர் தவறுவது இங்கேதான், அதனால் அவசரமே கூடாது. மரையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். கடைசிக் கால் சுற்றில் எதிர்ப்பு குறைவது விரலுக்குத் தெரியும். ரிங் தன் எடையால் இலேசாகச் சாய்ந்து, 'தொப்' என்று கழலும். அந்தக் கணத்தில் அப்படியே நிறுத்தி, இரண்டு ரிங்கிலும் நேருக்கு நேராக ஊசியால் ஒரு கோடு இழுங்கள். தாண்டிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மறுபடி மாட்டி மறுபடி கழற்றுங்கள். இந்தக் கோடு ஏன் உயிர்நாடி? மரை ஆறு தொடக்கம் உள்ளது என்றால் ரிங் ஆறு இடங்களில் உள்ளே நுழையும். உள்மரை, வெளிமரை இரண்டும் அப்படி என்றால் 36 சேர்க்கை, அதில் சரியானது ஒன்று. கோடு போடாதவர் ராத்திரி முழுவதும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்.

6. கழுவுமுன் பழைய கிரீஸைப் பல்குச்சியில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத்தாளில் தேயுங்கள். பழுப்பு என்றால் வெறும் முதுமை. பச்சை என்றால் பித்தளை கிரீஸோடு வினைபுரிந்திருக்கிறது, கழுவினால் சரி. சாம்பல் நிறத்தில், வெளிச்சத்தில் சாய்த்தால் மினுமினுப்பாக இருந்தால் அது அலுமினியத் துகள், அதாவது மரை உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த லென்ஸில் கெட்டிக் கிரீஸ் போட்டுக் கொஞ்சகாலம் ஓட்டலாம், குணப்படுத்த முடியாது. வால்வு அரைக்கும் பேஸ்ட் போட்டு மரையைச் 'சரி' செய்யும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருக்கிற இடைவெளி இன்னும் கூடும்.

7. நாஃப்தாவில் நனைத்த பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்து, பள்ளங்களைப் பல்குச்சியால் வழித்து, கடைசியில் ஐபிஏயால் துடையுங்கள். கிரீஸே இல்லாமல் மரையை மாட்டிச் சுழற்றிப் பார்க்கும் ஆசை வரும். அலுமினியத்தோடு அலுமினியம் என்றால் அந்த ஒரு சுற்றிலேயே கடித்துவிடும்.

8. ஒவ்வொரு மரைக்கும் ஓர் அரிசி அளவு கிரீஸ். ஆண் மரையில் மட்டும், உலோகத்தின் நிறம் ஊடே தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். நெய் தோசை ஊற்றுவதுபோல் தாராளம் காட்டினால் மிச்சமெல்லாம் பிதுங்கி இதழுக்குத்தான் போகும். இடைவெளி சிறிதாக இருந்தால் இலகுவான ரகம், தேய்ந்த மரைக்குக் கெட்டியான ரகம்.

9. கோட்டுக்குக் கோடு வைத்து, முதலில் இலேசாகப் பின்பக்கமாகத் திருப்பி மரை 'டக்' என்று உட்காருவதை உணர்ந்தபின் முன்னே திருப்புங்கள். கீக்களை மாட்டி, இருபது முப்பது தடவை கோடிக்குக் கோடி ஓட்டிப் பிதுங்கியதைத் துடையுங்கள். ரிங் இப்போது ஒரு பக்கம் இறுகலாக இருந்தால் கீ கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதன் திருகைத் தளர்த்தி, ரிங்கைச் சுழற்றிக்கொண்டே இறுக்குங்கள்.

இதழ்களில் எண்ணெய் இருந்தால் அவற்றைப் பிரிக்காமலேயே நாஃப்தா ஒரு துளி விட்டு, திறந்து மூடி, துணியால் ஒற்றி, ஐந்தாறு முறை திரும்பச் செய்யுங்கள். இதழுக்கு எண்ணெய் எப்போதும் தேவையில்லை. ஜூபிடர்-9 லென்ஸில் 15 இதழ். அவற்றைக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கியவர் இரண்டாம் தடவை கொட்டமாட்டார்.

இன்ஃபினிட்டியைத் திரும்ப அமைப்பது

சேர்த்தபின் நீளம் முதலில் எழுதிவைத்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் கண்ணாடி 0.1 மி.மீ. முன்னே நின்றுவிட்டாலே அதன் கடைசி ஃபோகஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். ஆகவே வெர்னியர் திசையைக் காட்டும், முடிவைக் கேமராதான் சொல்ல வேண்டும்.

இலக்குக்கு நிலா நல்லது. பகலில் என்றால் காசிமேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் கொடிக்கம்பம் போதும். பகல் ஏறியபின் வெப்பக் கானல் ஆடும், காலையிலேயே முடித்துவிடுங்கள். அபெர்ச்சரை முழுவதும் திறந்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கூர்மை கிடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபோகஸ் ரிங்கைப் பிடித்திருக்கும் மூன்று பொடித் திருகுகளைத் தளர்த்தி, உள்ளே எதுவும் அசையாமல் ரிங்கை மட்டும் இன்ஃபினிட்டிக் குறிக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள்.

அடாப்டரின் பங்கையும் கணக்கில் எடுங்கள். எம்42 லென்ஸின் மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ., சோனி இ மவுன்ட்டில் 18 மி.மீ.; எனவே அடாப்டர் 27.46 மி.மீ. இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் மெல்லிசாகவே கடைவார்கள், லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போகும். அது பிழைபோல் தெரிந்தாலும் தடையில்லை. எட்டாமல் போவதுதான் தடை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் 46.5 மி.மீ. என்பதால் நடுவில் கண்ணாடி இல்லாத அடாப்டரில் எம்42 லென்ஸ் அங்கே இன்ஃபினிட்டியை எட்டவே எட்டாது. அதற்கு ரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

கையோடு இன்னொரு சோதனையும் முடிந்துவிடும். அதே கொடிக்கம்பத்தைப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து, இடையில் ஃபோகஸ் ரிங்கைத் தொடாமல் எடுங்கள். ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கலாக வந்தால் கண்ணாடித் தொகுதி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மவுன்ட்டுக்கு அடியில் காகிதம்போல் மெல்லிய ஷிம் வளையங்கள் இருந்தனவா, ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டோமா என்று முதலில் தேடுங்கள்.

இந்தக் காற்றில் வைத்துக் காப்பது

காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி வறுத்தெடுக்க வேண்டியிருக்கும். பூச்சிக்கு என்று நாஃப்தலின் உருண்டையோ கற்பூரமோ உள்ளே போடாதீர்கள். ஆவி கண்ணாடியில் படியும்.

காசிமேட்டுக்கு விடிகாலையில் போகிறவர்கள் ஏசி அறையிலிருந்து லென்ஸை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி மட்டுமல்ல, மரையும் வியர்க்கும். ஜிப் கவரில் மூடி அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறங்கள். திரும்பி வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ரிங்கின் வரிப்பள்ளங்களைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உலர்ந்த துணியை முதலில் போட்டால் உப்புப் பொடியை ரிங்கின் இடுக்குக்குள் நாமே தள்ளிவிடுகிறோம். பயன்படுத்தாத லென்ஸ் என்றால் மாதம் ஒருமுறை கோடிக்குக் கோடி நாலைந்து தடவை திருப்பி, கடைசியில் இன்ஃபினிட்டியில் நிறுத்தி வையுங்கள். மரை முழுவதும் உள்ளே மூடியிருக்கும் நிலை அதுதான்.